இடுப்பு எங்கே, மை பாய்?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்தின் சாட்ஸ்வர்த் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், இங்கே பாதி வீடுகளுக்குச் சுவர் பொது. 1960-களில் நிறவெறி அரசு, எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தை வைத்து, நகரத்தின் பல மூலைகளில் இருந்த இந்தியர்களைக் கிளப்பிக் கொண்டுவந்து இறக்கிய இடம் இது. அப்போது கட்டிய ஒட்டுவீடு ஒன்றில்தான் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். நான் அப்பளம் பொரித்தால் பக்கத்து வீட்டு ஆண்ட்டிக்குக் கேட்கும். ஆண்ட்டி தும்மினால் எனக்குக் கேட்கும். அப்படிப்பட்ட சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் இரும்புத் தகடு தட்ட ஆரம்பித்தார்.

மனிதர் துறைமுகப் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறவர். நாற்பதைத் தாண்டியாச்சு. ஆபீஸ் நண்பர் ஒருவர் ஒரு சனிக்கிழமை எங்கேயோ கூட்டிப் போனார். திரும்பி வந்தவர் கண்ணில் ஒரு வெளிச்சம். இடைக்கால ஐரோப்பியப் போர்வீரர்களைப் போல உடையும் கவசமும் மாட்டிக்கொண்டு, நடிப்பாக இல்லாமல் நிஜமாகவே அடித்துக்கொள்கிற கூட்டமாம். “நானும் சேரப்போறேன்” என்றார். ஊரில் இருக்கும் அத்தையிடம் வீடியோ காலில் சொன்னேன். “அவனா? கொசு கடிச்சாலே அழுவானேம்மா” என்று மட்டும் கேட்டுவிட்டு, மழை பெய்ததா என்று விசாரிக்கப் போய்விட்டார்.

இந்த அடிதடியில் இரண்டு பிரிவு உண்டு. ஒன்றில் முனை மழுங்கிய இரும்பு வாள், கோடாலி. 2010-ல் உக்ரைனில் கோத்தின் கோட்டையில் தொடங்கிய நாடுகளுக்கிடையிலான போட்டியெல்லாம் அந்த வகை. இரும்பு என்றால் நான் அருப்புக்கோட்டைக்கு டிக்கெட் போட்டுவிடுவேன் என்று சொன்னதால் அது அடிபட்டுப் போயிற்று. இன்னொன்று 1966-ல் அமெரிக்காவில் பெர்க்லி நகரத்தில் ஒரு வீட்டுக் கொல்லையில் நடந்த விருந்தில் ஆரம்பித்த வகை. சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம் என்று பெயர். அவர்கள் வாள் பிரம்பில் செய்தது. நம் வாத்தியார் கையில் இருந்த பிரம்புக்குப் பெரியப்பா என்று வையுங்கள், விட்டம் ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. எட்டாம் வகுப்பில் இவர் இதையே காசு கொடுக்காமல் வாங்கியிருக்கிறார். இப்போது சந்தா கட்டி வாங்கப்போகிறார்.

பிரம்பு என்றாலும் அடி அடிதான். தலைக்கவசம் குறைந்தது 16 கேஜ் இரும்பாக இருக்க வேண்டும், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம். முகக் கம்பிகளுக்கு நடுவே ஓர் அங்குலத் தடி நுழையக் கூடாது. கழுத்து, முழங்கை, முழங்கால், கை, சிறுநீரகம், அப்புறம் ஆண்களுக்குச் சொல்லத் தேவையில்லாத இடம், எல்லாவற்றுக்கும் காப்பு வேண்டும். இந்தப் பட்டியலைப் படித்த இவர் செய்த முதல் காரியம், தலைக்கவசத்தை ஆன்லைனில் ஆர்டர் செய்தது. ஐரோப்பிய வீரனின் தலைக்கவசம், ஆப்பிரிக்காவில் இருக்கும் தமிழனுக்கு, வந்து சேர்ந்ததோ வட இந்தியப் பட்டறை ஒன்றிலிருந்து. உலகத்தில் விற்கும் இந்த மாதிரிச் சாமான்களில் பெரும் பங்கு அங்கே செய்வதுதானாம்.

பெட்டியைப் பிரிக்கும்போது பெருமை தாங்கவில்லை. “அவங்க 16 கேஜ் போதும்னாங்க. நான் 18 வாங்கியிருக்கேன் பார்த்தியா!”

நான் நெசவு ஊரில் பிறந்தவள். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், நூலில் 100-ஆம் நம்பர் 60-ஐ விட மெல்லிசு. தகட்டுக்கும் அதே கதைதான், எண் ஏற ஏறத் தகடு மெலியும். 18 கேஜ் என்றால் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர், ஹாலில் மாட்டி அழகு பார்க்கிற சாமான். அதை நான் மெதுவாகத்தான் சொன்னேன். சுங்கவரி ரசீதை இவர் மெதுவாகத்தான் மடித்தார். தலைக்கவசம் இப்போது டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாரா வாரம் அதைத் துடைக்கிற வேலை யாருக்கு என்று கேட்காதீர்கள். சண்டைக்கு வேறொன்று, 14 கேஜில், குழுவில் ஒருவரிடம் பழசாக வாங்கினோம்.

மிச்சத்தை நானே செய்துகொள்கிறேன் என்று கிளம்பினார். ஆசை என்னவோ 15-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியப் பாணி முழுக்கவசத்தில், வரி வரியாக மடிப்பு வைத்துத் தகதகவென்று இருக்குமே, அதில். 20, 25 கிலோ வரும். சமையல் காஸ் சிலிண்டரை காரிலிருந்து வாசல்படி வரை கொண்டுவந்தாலே இவருக்கு மூச்சு வாங்கும். கவசத்தின் எடை உடம்பு முழுக்கப் பரவும், சிலிண்டர் மாதிரி ஒரே கையில் தொங்காது என்று விளக்கம் வேறு. விலையைப் பார்த்ததும் விளக்கம் நின்றது.

கடைசியில் தேர்வு செய்தது விஸ்பி கவசம். 1361-ல் சுவீடனின் காட்லாந்து தீவில் விஸ்பி நகரத்துக்கு வெளியே டென்மார்க் படை உள்ளூர்க் குடியானவர்களை வெட்டித் தள்ளியது. செத்தவர்களைக் கவசத்தோடேயே குழியில் போட்டுவிட்டார்கள். 20-ஆம் நூற்றாண்டில் தோண்டிப் பார்த்தபோது அந்தக் கவசங்கள் எப்படிச் செய்யப்பட்டன என்பது தெளிவாகக் கிடைத்தது. தடித்த துணிக்கு, அல்லது தோலுக்கு, உள்பக்கமாகச் சின்னச் சின்ன இரும்புப் பட்டைகளை ரிவெட் அடித்துப் பொருத்துவது. முழுத் தகட்டை மார்பு வளைவுக்குத் தட்டியெடுக்கும் வித்தை இதற்குத் தேவையில்லை. தொப்பை கூடினால் இன்னும் இரண்டு பட்டை சேர்த்துக்கொள்ளலாம். இவருக்காகவே கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

ஜேக்கப்ஸ் பக்கத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து எம்.எஸ். என்கிற சாதா இரும்புத் தகடு வந்தது. இரும்பு அறுக்கிற கிரைண்டர் வந்தது. ஆண்ட்டி வீட்டில் வெட்டிப் போட்ட மாமரத்தின் அடிக்கட்டை வந்தது. முழங்காலுக்கான கிண்ணத்தை அதில்தான் தட்டவேண்டும். கட்டையில் ஒரு குழி குடைந்து, வட்டமாக வெட்டிய தகட்டை அதன்மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் சுற்றிச் சுற்றி அடித்தால் தட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கிண்ணமாகும். நடுவில் தகடு இழுபட்டு மெலியும் என்பதால் தொடக்கத்திலேயே கொஞ்சம் கனமான தகடாக எடுக்கணும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. 2023, லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்த வருஷம். ஊரே கரண்ட் போகிற நேரத்தைப் பார்த்து வயிறெரியும். நான் மட்டும் அட்டவணையைப் பார்த்து, கிரைண்டர் ஓடாத அந்த இரண்டு மணி நேரத்துக்காகக் காத்திருப்பேன்.

நடுவில் சங்கிலிச் சட்டை மோகம் ஒன்றும் வந்து போனது. ஸ்டெயின்லெஸ் கம்பியைத் தடியில் சுற்றி, வளையமாக நறுக்கி, ஒவ்வொரு வளையத்தையும் நான்கு வளையங்களோடு கோக்கவேண்டும். முழுச் சட்டைக்குப் பல பத்தாயிரம் வளையம் பிடிக்கும். சோபா இடுக்கு, வாஷிங் மெஷின், ஒருநாள் ரசம், எங்கு பார்த்தாலும் வளையம். ஒரு கைக்குட்டை அளவு வந்ததும் நின்றுபோனது. அதை ஆண்ட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டார். பிரியாணி செய்கிற இரும்புப் பானையின் அடிப்பிடிப்பைத் தேய்க்க அதை மிஞ்சி ஒன்றில்லையாம்.

ஆண்ட்டியைப் பற்றிச் சொல்லணும். சின்ன வயது மேகசின் பேரக்ஸில். டர்பன் நகராட்சி தன் இந்தியத் தொழிலாளர்களைக் குடிவைத்திருந்த லைன் வீடுகள் அவை, தமிழர்கள்தான் அதிகம். அங்கிருந்து சாட்ஸ்வர்த்துக்கு மாற்றப்பட்ட குடும்பம். பேசுவது இங்கிலீஷ். திட்டும்போது மட்டும் சுத்தத் தமிழ் வரும். டர்பன் துணி ஆலைகளில் ஆயிரக்கணக்கான இந்தியப் பெண்கள் மெஷினில் உட்கார்ந்திருந்த காலத்தில் அவரும் ஒருவர். 90-களில் மலிவு இறக்குமதி வந்து ஆலைகள் வரிசையாக மூடியபோது, ஆண்ட்டியின் ஆலை விற்ற கனமான தையல் மெஷின் ஒன்றை வாங்கி வீட்டில் போட்டுக்கொண்டார்.

சுத்தியல் சத்தத்துக்குச் சண்டை போடத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் நேராகப் போய்க் கொடியில் தொங்கியதைத் தொட்டுப் பார்த்தார். கவசத்துக்கு உள்ளே போடுகிற பஞ்சுச் சட்டை. அடியைத் தாங்குவதில் பாதி வேலை அதனுடையது, இரும்பு மட்டும் இருந்தால் எலும்பு வரைக்கும் இறங்கும். இவர் அதை ஒரு பழைய கம்பளியில் தலைக்கு ஓட்டை போட்டு, ஓரத்தை ஸ்டேப்ளர் அடித்து முடித்திருந்தார்.

“யார் தச்சது?” என்றார் ஆண்ட்டி.

“நான்தான்.”

“ஐயோ கடவுளே. கையிருக்கிறவன் செய்யிற வேலையா இது?”

அப்புறம் இவர் லேப்டாப்பில் மாதிரிப் படங்களைக் காட்டினார். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்த ஆண்ட்டி ஓரிடத்தில் நிறுத்தி, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். பிரான்சில் லியோன் நகரத்துத் துணி அருங்காட்சியகத்தில் இருக்கும் மேல்சட்டை அது. 1364-ல் போரில் செத்த ஷார்ல் து புளுவா என்ற பிரபுவுடையது என்கிறார்கள். அதன் கைக்குழி சாதாரணச் சட்டையுடையது மாதிரி தோளோடு நிற்காது. முன்னால் மார்பின் பாதிவரைக்கும், பின்னால் முதுகின் பாதிவரைக்கும் பெரிய வட்டமாக வெட்டி, கையை அதில் வைத்துத் தைத்திருக்கிறது. கையைத் தலைக்கு மேல் தூக்கினாலும் சட்டையின் உடம்பு மேலே ஏறாது. இடுப்பில் கச்சிதமாகப் பிடிக்கும், அதனால் கால்கவசத்தை அந்தச் சட்டையிலேயே நாடாவால் கட்டித் தொங்கவிட்டால் பாரம் தோளுக்குப் போகாமல் இடுப்பில் உட்காரும்.

“இதை வெட்டினவன் வேலை தெரிஞ்சவன்” என்றார் ஆண்ட்டி. அறுநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய தையல்காரனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்திருக்காது. அவர் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை, என் சாம்பார் உட்பட.

அளவெடுக்கும் படலம் தொடங்கியது. நெஞ்சில் டேப்பைச் சுற்றினார், எழுதினார். கீழே இறக்கினார். கொஞ்சம் மேலே ஏற்றினார். மறுபடி கீழே. டேப் எங்கேயும் உள்ளே போகவில்லை.

“இடுப்பு எங்கே, மை பாய்?”

இவர் அவசரமாக வயிற்றை உள்ளே இழுத்தார்.

“மூச்சை விடு. சண்டை முடியிற வரைக்கும் இப்படியே இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிப்பியா?”

விட்டார். டேப் கையிலிருந்து நழுவியது. நான் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். பொதுச்சுவர் வழியாக ஆண்ட்டியின் பேத்தியும் சிரிப்பது கேட்டது. வயிற்றை நம்பி எதையும் தொங்கவிட முடியாது என்று முடிவு செய்த ஆண்ட்டி, பின்னிடுப்பை இறுக்கி, முன்பக்கத்தை வயிற்றுக்குக் கீழே இறக்கி, இடுப்பெலும்பைக் கண்டுபிடித்து அங்கே பிடிமானம் வைத்தார். உள்ளே கேன்வாஸும் பருத்தியும் அடுக்கடுக்காக. நெடுக்குவாட்டில் வரிவரியாகத் தையல். அந்தக் கனத்தைக் குத்திக்கொண்டு போகும்போது ஆலை மெஷின் போட்ட சத்தம் சுத்தியலை விடப் பெரிது. அதைப் பற்றி எங்கள் பக்கத்திலிருந்து யாரும் வாய் திறக்கவில்லை.

சட்டை வந்தது. போட்டுப் பார்த்தார், அருமையாக இருந்தது. அதன்மேல் மாதக்கணக்கில் செய்த இரும்புக் கவசத்தை மாட்டினார். பக்கவாட்டில் நாலு விரல் இடைவெளி. முழங்கால் கிண்ணம் பஞ்சுக்குமேல் குந்தவே இல்லை. வெறும் பனியனோடு நின்று அளவெடுத்ததன் பலன்.

“உள்பாவாடை போடாம புடவைக்கு உயரம் பார்ப்பியா?” என்று ஆண்ட்டி கேட்டார், தமிழில்.

இவர் பட்டைகளைச் சேர்த்து இடைவெளியை மூடினார். கிண்ணத்தை மட்டும் மறுபடி முதலிலிருந்து தட்டினார். கடல்காற்றில் முதல் கிண்ணம் ஏற்கெனவே துருப்பிடித்துச் சிவந்திருந்ததால் பெரிய துக்கமில்லை.

சோதனை நாளன்று ஒரு பள்ளி மைதானத்துக்குப் போனோம். நவம்பர் வெயில், காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். ஆண்ட்டி மடக்கு நாற்காலியோடும், ஐஸ் பெட்டியோடும், ஆளுக்கொரு மட்டன் பன்னி சௌவோடும் (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பை ஊற்றுகிற டர்பன் சாப்பாடு) வந்திருந்தார். பொறுப்பாளர் தடியை முகக் கம்பியில் குத்திப் பார்த்தார், கழுத்தைத் தட்டிப் பார்த்தார், சரி என்றார். எதிரே ஒரு கல்லூரிப் பெண், இவர் தோள் உயரம்தான் இருப்பாள்.

இந்த ஆட்டத்தில் நடுவர் தீர்ப்பு சொல்வதில்லை. எல்லோரும் சங்கிலிச் சட்டை போட்டிருப்பதாக ஒரு கற்பனை, அதைத் தாண்டி உறைத்ததா என்று அடி வாங்கினவரே நேர்மையாகச் சொல்லவேண்டும். உறைக்கவில்லை என்றால் “லைட்” என்பார்கள். காலில் பட்டால் மண்டியிட்டுத் தொடரவேண்டும். தலையில் பட்டால் செத்தாச்சு. துனி சீட்டாட்டத்தில் கையிலிருக்கும் கடைசிச் சீட்டு போன பிறகும் தோல்வியை ஒப்புக்கொள்ளாத மனிதரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பெண் அடித்தாள். மைதானத்தின் அந்தப் பக்கம் இருந்த நாய் குரைத்தது.

“லைட்!” என்றார் இவர்.

“என்னடா லைட்டு?” ஆண்ட்டி நாற்காலியிலிருந்து எழுந்தார். “எனக்கே கேட்டுச்சு! விழுடா!”

விழுந்தார். அப்புறமும் பல தடவை விழுந்தார், ஒவ்வொரு முறையும் எழ இருவர் கைகொடுத்தார்கள். ஆண்ட்டி சண்டையைப் பார்த்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. இவர் வாளை ஓங்கும்போதெல்லாம் அவர் கண் சட்டையின் கீழ்விளிம்பில்தான் இருந்தது. அது ஒரு விரல்கூட மேலே ஏறவில்லை.

அதைக் கவனித்தது அவர் மட்டுமல்ல. இடைவேளையில் குழுவினர் இவரைச் சுற்றி நின்று, கையைத் தூக்கச் சொல்லி, கைக்குழியைத் தடவிப் பார்த்து, எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள். இவர் நாற்காலிப் பக்கம் கையைக் காட்டினார். ஆறடிக்கு மேல் இருந்த ஓர் ஆஃப்ரிக்கானர் வெள்ளைக்காரர் வந்து மிகவும் மரியாதையாக விலை விசாரித்தார். ஆண்ட்டி பன்னி சௌவைக் கீழே வைத்து, விரலைத் துடைத்து, கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தார்.

“நேரா நில்லு. பாதிப் பணம் முன்னாடி. துணி, நூல் உன் செலவு.” அப்புறம் என் வீட்டுக்காரரைப் பார்த்து, “நீ என்ன வேடிக்கை? பேனா எடு, அளவு எழுது” என்றார்.