அச்சுக்கலை படிக்கச் சேர்பவர்களுக்கு: முதலில் தாளை மடித்துப் பாருங்கள்

கிண்டி பொறியியல் கல்லூரியில் அச்சு, பேக்கேஜிங் தொழில்நுட்பத்துக்குப் பட்டப்படிப்பு இருக்கிறது. தரமணியில் டிப்ளமோ இருக்கிறது. சேர வருபவர்களில் பலருக்கு அட்டை வடிவமைப்பிலும் மென்பொருளிலும்தான் ஆசை. புத்தகம் கெட்டுப்போவதோ பெரும்பாலும் தாளிலும் மடிப்பிலும். அங்கிருந்து படிக்கத் தொடங்குவதே நல்லது.

டெமி 1/8 என்ற புத்தக அளவை எடுத்துக்கொள்வோம். 23×36 அங்குல டபுள் டெமி தாளை இரண்டாக வெட்டினால் 18×23. அதன் முன்புறம் 8, பின்புறம் 8 என 16 பக்கம் அடங்கும். அதுதான் ஒரு பாரம். மூன்று முறை மடித்து ஓரங்களை வெட்டினால் 5.5×8.5 அங்குலம் நிற்கும். ஆயிரம் பிரதி என்றால் ஒரு பாரத்துக்கு 1000 அரைத்தாள், அதாவது 500 முழுத்தாள், சரியாக ஒரு ரீம். 256 பக்க நூலுக்கு 16 ரீம். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாளில் ரீம் சுமார் 18.7 கிலோ. மேக்ரெடியில், அதாவது ஓட்டத்துக்கு முன் மெஷினைச் சரிசெய்யும்போது, கழியும் தாளைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நூல் 260 பக்கத்தில் முடிந்தால், மிஞ்சிய 4 பக்கத்துக்காகத் தனி பிளேட் (அச்சுத் தகடு), தனி ஓட்டம், தனி மடிப்பு. இந்தக் கணக்கு தெரிந்த எடிட்டர் அத்தியாயத் தொடக்கங்களில் இடத்தைச் சுருக்கியே அந்த 4 பக்கத்தை மீட்டுவிடுவார்.

ஒரு ஏ4 தாளை மூன்று முறை மடித்துப் பக்க எண் போட்டு விரித்துப் பாருங்கள். ஒரு புறம் 1, 4, 5, 8, 9, 12, 13, 16, மறுபுறம் மற்றவை. முதுகை ஒட்டி அருகருகே நிற்கும் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் 17. அடுத்த பாரத்தில் (17 முதல் 32 வரை) அது 49. பிளேட் போடும் முன் பக்க அடுக்கைச் சரிபார்க்க இதைவிட வேகமான வழி இல்லை.

அடுத்தது கிரெயின், அதாவது தாளில் நார் ஓடும் திசை. புத்தகத்தில் அது முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். ஈரம் பட்டால் நார் நீள்வதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் உப்பும். குறுக்கே ஓடினால் பசை பட்ட முதுகோரம் அலை அலையாக நெளியும். புத்தகம் விரித்த இடத்தில் நிற்காமல் மூடிக்கொள்ளும். டெமி 1/8-இல் பக்கத்தின் உயரம் 18 அங்குல ஓரத்தோடு போகிறது. ஆகவே முழுத்தாளில் கிரெயின் 36 அங்குல வாக்கில் இருக்கும்படி கேட்டு வாங்க வேண்டும். ஆனால் மெஷின்காரர் இதற்கு நேர் எதிராகக் கேட்பார். நார் சிலிண்டருக்கு இணையாக இருந்தால்தான் நான்கு வண்ண ரெஜிஸ்டர் (வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவது) நிற்கும் என்பார், அதுவும் உண்மைதான். ஒற்றைக் கறுப்பில் ஓடும் புத்தகத்துக்கு பைண்டிங் சொல்வதையே கேட்கலாம் என்பது என் முடிவு. கிரெயினைக் கண்டுபிடிக்கச் சிறு துண்டு வெட்டி ஒரு புறம் மட்டும் ஈரப்படுத்துங்கள். அது குழாயாகச் சுருளும். குழாய் நீளும் திசைதான் கிரெயின்.

பெர்ஃபெக்ட் பைண்டிங்கில், அதாவது தைக்காமல் பசையால் ஒட்டும் முறையில், முதுகை 2–3 மி.மீ. அரைத்து, 160–180 டிகிரி செல்சியஸில் உருக்கிய ஹாட்மெல்ட் பசையைத் தடவுகிறார்கள். அரைப்பு போதாவிட்டால் பசை உள்தாள்களைத் தொடாது. பக்கம் கழன்று வரும். அரைப்பில் போகும் இடத்தையும் கணக்கில் வைத்து உள் மார்ஜின் குறைந்தது 20 மி.மீ. விடுங்கள்.

தமிழ்ப் பக்க அமைப்பில் கவனிக்க வேண்டியது பழைய எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் இடம். ‘கௌரி’ என்பது க, ஒற்றைக் கொம்பு, ள என்று மூன்றாகப் பிரிந்து ‘கெளரி’ ஆகிவிடும். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே தெரிவதால் மெய்ப்பில் தப்பிவிடும். பெயரடைவு தயாரிக்கும்போதுதான் அகப்படும். பக்க அமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். உரையின் கறுப்பு 100 சதவீத ஒற்றைக் கறுப்பாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வேர்டிலிருந்து வரும் கறுப்பு சில நேரம் நான்கு வண்ணமாகப் பிரிந்துவிடும்.

அட்டை வேலை கடைசியில்தான். 256 பக்கம் என்றால் 128 தாள். தாளின் கனம் 0.09 மி.மீ. என்றால் முதுகு 11.5 மி.மீ. அதே 70 ஜிஎஸ்எம் வேறு ஆலையிலிருந்து வந்தால் கனம் மாறும். அச்சுக்கு வாங்கிய தாளிலேயே ஒரு வெற்று டம்மி (அச்சிடாத மாதிரிப் புத்தகம்) கட்டச் சொல்லி, அதை அளந்த பிறகு முதுகில் தலைப்பை வையுங்கள்.