ஒரே சர்வர், ஸ்கேன் மட்டும் வேறு வேறு

விர்ச்சுவல் சர்வரை வீட்டிலிருந்து என்மேப் (எந்தெந்த போர்ட், அதாவது இணைப்பு வாசல், திறந்திருக்கிறது என்று பார்க்கும் கருவி) போட்டுப் பார்த்தால் 25 (மெயில்), 445 (விண்டோஸ் ஃபைல் ஷேரிங்) இரண்டும் ஃபில்டர்ட், அதாவது பதிலே இல்லை; வேறொரு டேட்டா சென்டரிலிருந்து பார்த்தால் அதே போர்ட்டுகள் க்ளோஸ்ட், அதாவது மூடியிருக்கிறது என்று பதில் வருகிறது. சர்வர் மேல் குற்றமில்லை. ஸ்பேமுக்கும் வார்ம்களுக்கும் (தானாகவே பரவும் தீய நிரல்கள்) பயந்து பல இணைய நிறுவனங்கள் இவற்றை வழியிலேயே மறித்துவிடுகின்றன. சர்வரில் டிசிபிடம்ப்பை (வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) ஓடவிட்டேன், வீட்டிலிருந்து கிளம்பிய, இணைப்பைத் தொடங்கும் சின் பாக்கெட் ஒன்றுகூட வந்து சேரவில்லை.

யுடிபி (முதலில் இணைப்பு ஏற்படுத்தாமலே தரவு அனுப்பும் முறை) ஸ்கேன்தான் உண்மையான தலைவலி. மூடிய போர்ட்டைத் தட்டினால் 'இது மூடியிருக்கிறது' என்று லினக்ஸ் அனுப்பும் ஐசிஎம்பி பதிலுக்கு வேகக் கட்டுப்பாடு உண்டு, அவசரமாக ஸ்கேன் செய்தால் பதில் வராத போர்ட்டெல்லாம் 'ஓப்பன் அல்லது ஃபில்டர்ட்' என்று ஒவ்வொரு முறையும் வேறு பட்டியலாக வந்து நிற்கும். மெதுவாக ஓட்டுங்கள், ராத்திரி முழுக்க ஆனாலும் சரி. அப்புறம், சர்வருக்குள்ளிருந்தே தன்னைத்தானே ஸ்கேன் செய்வது வீண். அது லூப்பேக் (கணினி தனக்குள்ளேயே பேசிக்கொள்ளும் பாதை) வழியாகப் போவதால் வெளியே இருக்கும் ஃபயர்வாலைத் தொடவே தொடாது.