செருவள்ளி ஜட்ஜி அம்மாவன் சன்னிதியில்

அம்மாவின் வேண்டுதலுக்காகக் கார்த்திகை மாதத்தில் கேரளத்தில் பொன்குன்னம் பக்கம் உள்ள செருவள்ளி தேவி கோயிலுக்குப் போய்வந்தோம். வழக்குக்காரர்கள் வேண்டிக்கொள்ளும் ஜட்ஜி அம்மாவன் சன்னிதி அங்கேதான் இருக்கிறது; அம்மாவன் என்றால் மலையாளத்தில் தாய்மாமன். சபரிமலை சீசனில் அந்தப் பக்கம் போகவே கூடாது என்று சொன்னவர்கள் பலர். அம்மா யார் பேச்சையும் கேட்கவில்லை. தாத்தா வீட்டுக்காக அவளும் மாமாவும் வருடக்கணக்கில் கோர்ட்டுப் படி ஏறி இறங்கினார்கள். "வழக்கு எப்படியாவது முடிந்தால் போதும், அம்மாவனுக்கு அடை நிவேதனம் செய்கிறேன்" என்று நேர்ந்திருந்தாள். ஆவணியில் லோக் அதாலத்தில் சமாதானம் ஆகிவிட்டது. ஆனாலும் அக்காவும் தம்பியும் முகம் பார்த்துப் பேசுவதில்லை.

தென்காசியில் கிளம்பி, ஆரியங்காவில் ஐயனைக் கும்பிட்டுவிட்டு, புனலூர், பத்தனம்திட்டை, ரான்னி, மணிமலை வழியாகப் போனோம். பத்தனம்திட்டையில் பிடித்த நெரிசல் ரான்னி தாண்டும்வரை விடவில்லை. மாலை போட்ட சாமிகள் மீது கோபப்படக் கூடாதுதான். ஆனால் ஒற்றைச் சாலையில் மூன்று வரிசையாக வண்டியைச் செருகும் ஓட்டுநர்களை ஐயப்பனே பொறுப்பாரா தெரியவில்லை. சாப்பிட நிறுத்திய இடத்தில் இன்னொரு தொல்லை. எங்கே போகிறோம் என்று தெரிந்ததும் ஒருவர் பக்கத்தில் வந்து அமர்ந்து, என்ன வழக்கு, எத்தனை லட்சம் சொத்து என்று விசாரித்துவிட்டு, சீக்கிரம் தீர்ப்புக் கிடைக்கத் தனிப் பூஜைக்குத் தனி ரேட் என்றார். "எங்கள் வழக்கு முடிந்துவிட்டது" என்று அம்மா சொன்ன பிறகுதான் எழுந்து போனார்.

ஜட்ஜி அம்மாவனாக வணங்கப்படும் கோவிந்தப் பிள்ளையின் கதை வழக்குக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தர்மராஜா என்று பெயர் எடுத்த கார்த்திகைத் திருநாள் ராமவர்மா 1758 முதல் 1798 வரை திருவிதாங்கூரை ஆண்டபோது நீதிபதியாக இருந்தவர். சொந்த மருமகனுக்கே, உடன்பிறந்தவளின் மகனுக்கே, மரண தண்டனை விதித்தார். அவன் குற்றமற்றவன் என்று பிறகு தெரியவந்ததும், தன்னைத் தண்டிக்கும்படி மன்னரிடம் போய் நின்றார். மன்னர் தயங்க, தன் தீர்ப்பையும் தானே சொன்னார்: கால்களை வெட்டித் தூக்கில் போட வேண்டும், உடல் மூன்று நாள் தொங்க வேண்டும். தீர்ப்பு அப்படியே நிறைவேறியது என்றும், சாந்தி அடையாமல் அலைந்த அவரைப் பிறகு செருவள்ளி தேவி கோயிலில் குடிவைத்தார்கள் என்றும் சொல்கிறார்கள்.

இந்தக் கதையை யார் சொன்னாலும் அம்மா ஒன்றுதான் கேட்பாள்: "அந்தப் பையனின் அம்மா என்ன ஆனாள்?" பெற்ற பிள்ளையும் போய், உடன்பிறந்தவனும் போய் நின்றவளைப் பற்றி ஒருவரும் ஒரு வரி சொல்வதில்லையே என்று அவளுக்குக் குறை.

தேவியைத் தரிசித்துவிட்டு வழிபாட்டுக் கவுண்டரில் நின்றோம். பெயர், நட்சத்திரம் கேட்டார்கள். என் பெயரைச் சொல்வாள், தன் பெயரைச் சொல்வாள் என்று நினைத்தேன். அம்மா முதலில் சொன்னது மாமாவின் பெயர். "திருவோணம்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வக்கீல் நோட்டீஸில் அம்மாவைப் பற்றி என்னவெல்லாம் எழுதச் சொன்னவர்! நான் வாயைத் திறப்பதற்குள், "ரசீது வாங்கு, பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள்" என்றாள்.

மற்ற சன்னிதிகள் எல்லாம் நடை சாத்திய பிறகு, இரவு எட்டே முக்கால் வாக்கில்தான் அம்மாவன் நடை திறக்கிறது. அதுவும் கொஞ்ச நேரம்தான். அதனால் திறந்ததும் ஒரே தள்ளுமுள்ளு. கையில் கேஸ் கட்டோடு ஒருவர் என் தோள்மீதே ஏறிவிட்டார். வக்கீல்களும் அரசியல்வாதிகளும் வருகிற இடம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த இருட்டில் எல்லோரும் வாதி பிரதிவாதிகளாகத்தான் தெரிந்தார்கள்.

அந்த இடிபாட்டிலும் எங்களுக்கு நேராக ஓர் இடைவெளி கிடைத்தது. விளக்கொளியில் அம்மாவனைப் பார்த்தேன். பாகத்தில் நமக்குக் குறைந்துவிட்டது, மாமா ஏமாற்றிவிட்டார் என்று முறையிட மனதில் ஒரு பட்டியலே வைத்திருந்தேன். தனக்கே கருணை காட்டாத நீதிபதி முன்னால் அதில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. உடம்பு முழுவதும் சிலிர்த்தது. திரும்பிப் பார்த்தால் அம்மா கைகூப்பி அழுதுகொண்டிருக்கிறாள். எத்தனையோ வாய்தாக்களில் ஒருமுறைகூட அழாதவள். அப்பனே, அவளை அழவைத்தாயே, அந்தப் பாரத்தை இறக்கிவைத்தாயே, இதற்கு மேல் எங்களுக்கு என்ன தீர்ப்பு வேண்டும்! எவ்வளவு நேரம் நின்றோம், யார் நகரச் சொன்னார்கள் என்பதெல்லாம் நினைவில்லை.

இரவு பொன்குன்னத்தில் தங்கினோம். முதியவர்களோடு போகிறவர்கள் அப்படியே செய்யுங்கள். இருட்டில் மலைப்பாதை வேண்டாம். பிரசாத அடையில் ஒரு பங்கைப் பிரித்து இலையோடு கட்டி, மாமா வீட்டில் கொடுத்துவிட்டு வா என்று என்னிடம் தந்திருக்கிறாள். மாமாகூட வாங்கிக்கொள்வார். கதவைத் திறக்கப்போவது மாமி. அதற்கு எந்த ஜட்ஜிடம் மனுப் போடுவது?