ஒரு சாண் நீளக் குட்டிகள்

பாம்பன் தென்கடல் கரையில், கரையிலிருந்து இழுக்கும் கரைவலையின் மடியில், அதாவது பை போன்ற அடிப்பகுதியில், மீனோடு ஏறிவரும் சங்காயத்தை, அதாவது விற்பனைக்கு ஆகாத மற்ற உயிர்களை, பிரித்துக் கணக்கெடுப்பது என் வேலை. சேர்ந்த புதிதில் கடற்பாம்பு வந்தால் நோட்டில் ‘1’ என்று எழுதிவிட்டு அடுத்த கூடைக்குப் போய்விடுவேன்.

ஒரு மாசி மாதக் காலையில், மடிக்குள் நசுங்கிச் செத்த பாம்பு ஒன்று கிடைத்தது. உடலின் பின்பாதி மட்டும் பருத்திருந்தது. ‘வயிற்றில் முட்டை’ என்று எழுதினேன். கயிறு சுருட்டிக்கொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். “முட்டை இல்லை தம்பி, குட்டி. கரையேறத் தெரியாதது எங்கே போய் முட்டையிடும்?” என்றார். விலங்கியல் படித்த எனக்கு ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

கொட்டகையில் வைத்து அறுத்தேன். செத்த பாம்பின் பல்லிலும் நஞ்சு இருக்கும் என்பதால் தலையைத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தேன். கண்ணாடி போன்ற சவ்வுக்குள் ஒவ்வொன்றும் சுருண்டு கிடந்தது. நீட்டினால் ஒரு சாண். தாயின் மேல் மங்கிப்போயிருந்த பட்டைகள் குட்டிகளின் மேல் கன்னங்கரேலென்று இருந்தன. வால் அப்போதே துடுப்பாகத் தட்டையாகியிருந்தது. எண்ணினேன், 17. நோட்டில் இருந்த அந்த ‘1’ஐப் பார்க்கவே முடியவில்லை.

பிறகுதான் தேடிப் படித்தேன். பல்லி, ஓணான், அரணை, பாம்பு எல்லாம் ஒரே வரிசை. அதற்குள் குட்டி ஈனும் வழக்கம் தனித்தனியாக 100 முறைக்கு மேல் தோன்றியிருக்கிறது. குளிர் ஒரு பெரிய காரணம் என்கிறார்கள். மண்ணில் இட்ட முட்டை விறைத்துப்போகும் இடங்களில், தாய் வெயில் தேடி நகர்ந்து கருவைச் சூடாக வைத்துக்கொள்கிறது. இலங்கையின் மலைக்காட்டில் அப்படி ஓர் ஓணான் இனம் உண்டு. நம் பனங்காட்டு ஓணானுக்கு அந்தத் தேவை இல்லை. மழையில் இளகிய மண்ணில் குழி பறித்து, முட்டையிட்டு மூடிவிட்டுப் போகிறது. இந்தக் கடற்பாம்புக்கோ நிலமே இல்லை. ஆமைகூட முட்டையிடக் கரையேறுகிறது. இது தண்ணீரிலேயே கூடி, தண்ணீரிலேயே ஈனுகிறது. மாதக்கணக்கில் அந்தப் பாரத்தோடு நீந்தினாலும் மூச்சுவிட மேலே வந்தே ஆக வேண்டும். வலைக்குள் அடைபட்டால் மூழ்கித்தான் சாகிறது.

இப்போது என் நோட்டில் சினைக்குத் தனிப் பத்தி இருக்கிறது. மடி கரை தொட்டதும் முதலில் பாம்புகளைத்தான் கம்பால் ஒதுக்குகிறோம். கடித்தால் உயிர் போகும், கையால் தொடுவதில்லை. நேரமாகிறது என்று யாராவது முணுமுணுத்தால், “பிள்ளைத்தாச்சியை முதலில் விடுங்கள்” என்று அதட்டுவது அந்தப் பெரியவர்தான்.

போன வாரம் ஒன்றை அலை தணிந்த நேரம் பார்த்துத் தள்ளிவிட்டோம். சற்று நேரம் அசையாமல் மிதந்தது. பிறகு வாலை இருபுறமும் அடித்துக்கொண்டு ஆழத்துக்குப் போனது.