மஞ்சள் படிந்த சட்டை

1991இல் நான் எங்கள் பள்ளிக்கூடத்தில் மாணவ முதல்வன். திங்கட்கிழமைகளில் வாசலில் நின்று உடுப்பும் சப்பாத்தும் பார்ப்பது என் வேலை. சின்ன வகுப்புப் பிள்ளைகளையும் ‘நீர்’ என்றுதான் கதைப்பேன். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் சவர்க்காரத்துக்கு அலைந்த காலம் அது. 1990 யூனில் சண்டை மறுபடி தொடங்கியதும் பொருளாதாரத் தடை வந்தது, மின்சாரமும் போனது. பல வீடுகளில் பனங்காய்க் களியில்தான் உடுப்புத் தோய்த்தார்கள். ஊத்தை போகும், ஆனால் வெள்ளைச் சட்டையில் மங்கலாக மஞ்சள் படிந்துவிடும். கொடியில் போட்டால் அந்த வாசத்துக்கு மாடு வந்து சப்பும். பக்கத்தில் காவல் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் முன்பே வாங்கி வைத்த சவர்க்காரம் கொஞ்சம் இருந்தது. அம்மா அயன்பெட்டிக்குள் சிரட்டைக்கரி போட்டு மினுக்கித் தருவா.

வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து அகதி முகாமில் இருந்த எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனை ஒருநாள் மறித்தேன்.

“தம்பி, நாளைக்குக் கொஞ்சம் வெள்ளையாப் போட்டுக்கொண்டு வாரும், என்ன?”

சிரித்த முகத்தோடுதான் சொன்னேன். “ஓம் அண்ணா” என்றான். அவனுடைய கொலர் நுனி சுருங்கி, நூல் பிரிந்து கிடந்தது. மாடு சப்பிய சட்டை. அதைக் கண்டும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அடுத்த மூன்று நாளும் அவன் வரவில்லை.

எங்கள் கணித ஆசிரியர் அப்போது பக்கத்தில் சைக்கிளைப் பூட்டிக்கொண்டு நின்றவர். என்னை ஏசவில்லை. கஞ்சி போட்டு மினுக்கிய சட்டை இல்லாமல் அவரை யாரும் கண்டதில்லை. மறுநாள் கசங்கிய, மஞ்சள் படிந்த சட்டையோடு வந்தார். கொப்பி காட்டக் கிட்டப் போனால் பனங்காய் மணத்தது. அந்தத் தவணை முடியும்வரை அப்படித்தான் வந்தார். வியாழன் பின்னேரம் முகாமுக்குப் போய், “கொப்பி திருத்த வேணும், நாளைக்குக் கொண்டு வாரும்” என்று மட்டும் அவனிடம் சொன்னாராம். சட்டையைப் பற்றி ஒரு சொல் இல்லை. வெள்ளிக்கிழமை அவன் வந்தான்.

நான் கதைத்த விதத்தில் யாரும் பிழை பிடிக்க முடியாது. ஆனால் அவன் எங்கே படுக்கிறான், எந்தக் கிணற்றில் தோய்க்கிறான் என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. ஆசிரியர் யோசித்தார். அதைத்தான் எங்கள் ஆட்கள் இங்கிதம் என்பார்கள். இன்றைக்கும் பனங்காய் மணம் வந்தால் அந்தக் கொலர்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

இப்போது எங்கள் சங்கம் மூலம் ரொறன்ரோவிலிருந்து ஊர்ப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கக் காசு அனுப்புகிறோம், நல்ல விஷயம். அப்புறம் அந்தப் பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டு, பெட்டியைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கிறோம். “அன்போடு வழங்கப்பட்டது” என்று கீழே போடுகிறோம். சங்கத்தாரிடம் கேட்கிறேன்: இந்த வருடம் அந்தப் படம் வேண்டாம். வகுப்பாசிரியர் கால் அளவை மட்டும் எழுதி அனுப்பட்டும், சப்பாத்து பிள்ளையின் வீட்டுக்கே போய்ச் சேரட்டும்.