பனி என்றால் காய்ச்சல்: எல்லையோரத்தில் வீட்டு வேலைக்கு ஆள் வைப்பது

பாலக்காடு-கோவை மாவட்ட எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் "வேலைக்கு ஆளே நிக்கறதில்லைங்க" என்ற பேச்சு கேட்காத தெரு கிடையாது. ஆள் கிடைக்காமல் இல்லை. வருகிறார்கள், இரண்டு மாதத்தில் நின்றுவிடுகிறார்கள். பெரும்பாலான வீடுகளில் அதற்கான காரணம் முதல் நாள் பேச்சிலேயே இருக்கிறது. என்ன வேலை, எத்தனை நேரம், எந்த நாள் லீவு, சம்பளம் எந்தத் தேதி என்று எதையும் பேசாமல் "வந்து பாருங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்று ஆரம்பித்த வேலையாக இருக்கும். அந்த "அப்புறம்" வருவதே இல்லை.

ஆள் தேடுவதை வீட்டிலிருந்து இருபது நிமிட நடைக்குள் ஆரம்பியுங்கள். கேரளப் பக்கம் என்றால் குடும்பஸ்ரீ அயல்கூட்டம் இருக்கிறது. கேரள அரசு 1998-இல் தொடங்கிய பெண்கள் அமைப்பு. ஒரு கூட்டத்தில் பத்து முதல் இருபது பெண்கள் இருப்பார்கள், வாரம் ஒருமுறை கூடுவார்கள். அதன் செயலாளரிடம் சொன்னால் அடுத்த கூட்டத்திலேயே செய்தி போய்விடும். தமிழ்நாட்டுப் பக்கம் மகளிர் குழு, அங்கன்வாடி, ரேஷன் கடை. "ஒரு ஆள் வேணும்" என்று மட்டும் சொன்னால் யாரும் வர மாட்டார்கள். "காலையில ஏழு மணிக்கு வந்து எட்டரைக்குப் போற மாதிரி, கூட்டித் துடைக்கணும், பாத்திரம் தேய்க்கணும், துணி கிடையாது, ஞாயித்துக்கிழமை லீவு" என்று சொன்னால், அந்த நேரம் காலியாக இருப்பவர் தானாக வருவார். எல்லை தாண்டி பஸ்ஸில் வருகிறவரை வைக்கக் கூடாது என்றில்லை. ஆனால் ஒரு பஸ் தவறினால் அன்றைய வேலையே தவறும் என்பதைத் தெரிந்து வைக்க வேண்டும், ஏனென்றால் அவருக்கு ஒன்பது மணிக்கு அடுத்த வீடு காத்திருக்கும்.

முன்பு வேலை பார்த்த வீட்டில் விசாரிக்கும்போது "நல்லவங்களா?" என்று கேட்பதில் பலனில்லை. எத்தனை மணிக்கு வருவார், லீவு வேண்டுமென்றால் முதல் நாளே சொல்வாரா, எத்தனை மாதம் இருந்தார் என்ற மூன்றும் போதும். லீவைச் சொல்லிவிட்டு எடுப்பவர் மாதம் ஐந்து நாள் எடுத்தாலும் சமாளிக்கலாம். சொல்லாமல் இரண்டு நாள் எடுப்பவரிடம்தான் வீடு தடுமாறும்.

நேரம் குறிக்கும்போது நூறு நாள் வேலையை மறக்காதீர்கள். கேரளத்தில் தொழிலுறப்பு என்பார்கள். அதில் காலை ஒருமுறை, மதியத்துக்கு மேல் ஒருமுறை என்று போட்டோ எடுத்து வருகைப் பதிவு நடக்கிறது. அந்த வாரங்களில் உங்கள் வீட்டுக்குப் பத்து மணிக்கு வர முடியாது. எட்டரைக்குள் முடிகிற மாதிரியோ மாலை நாலரைக்கு மேலோ வைத்துக்கொண்டால் வருடம் முழுக்க ஒரே நேரம் ஓடும். பத்து மணிதான் என்று பிடிவாதம் பிடித்த வீடுகளில்தான் பங்குனி, சித்திரையில் ஆள் மாறுகிறது.

சம்பளத்துக்கும் அதையே அளவுகோலாக வைக்கலாம். 2025-26-இல் இந்த வேலையின் தினக்கூலி கேரளத்தில் 369 ரூபாயாகவும் தமிழ்நாட்டில் 336 ரூபாயாகவும் இருந்தது. எல்லையின் இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் இருப்பதால் இந்த வித்தியாசம் எல்லாருக்கும் தெரியும். 369-ஐ எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 46 ரூபாய். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 39 மணி நேரம்; 46-ஆல் பெருக்கினால் 1,794. இதற்குக் கீழே போனால் ஆள் நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே தப்பு. ஒன்றரை மணி வேலைக்கு அரை மணி நேரம் நடந்து வந்து, அரை மணி நேரம் நடந்து போகிறார் என்றால் அந்த ஒரு மணி நேரமும் அவருடைய நாளில்தான் கழிகிறது. ஆகவே இந்தத் தொகையைப் போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை பேசுவதுதான் நியாயம்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் என்ன நடக்கும்? ஆயிரம் சதுர அடி வீட்டைக் கூட்ட 20 நிமிடம், துடைக்க 25 முதல் 30, நாலு பேர் வீட்டுப் பாத்திரம் தேய்க்க 30 முதல் 40. அவ்வளவுதான், நேரம் முடிந்தது. குளியலறையைத் தேய்த்துக் கழுவ ஒன்றுக்கு 20 நிமிடம் ஆகும் என்பதால் அதைத் தினமும் கேட்க முடியாது. புதன் ஒன்று, சனி ஒன்று என்று பிரித்து, அந்த நாளில் ஒரு அறையைத் துடைக்காமல் விடலாம் என்று நீங்களே சொல்லிவிட வேண்டும். ஒட்டடை மாதம் ஒருமுறை. ஃபேன் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள வீட்டில் ஒருவர் இருக்கிற நாளில் மட்டும். மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி கழுவுவதெல்லாம் தனி வேலை, தனிக் கூலி.

ஆள் நிற்காமல் போவதற்கு நான் முதலாவதாகச் சொல்வது, கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் வேலை. "இந்த ரெண்டு துணியை மட்டும் அலசிடுங்க" என்று ஒரு நாள். அடுத்த வாரம் தேங்காய் துருவுவது. விருந்தாளி வந்தால் பாத்திரம் இரண்டு மடங்கு. ஒவ்வொன்றும் பத்து நிமிடம்தான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்காக அடுத்த வீட்டில் அவர் பேச்சு கேட்கிறார். விருந்தாளி வருகிற நாளை முதல் நாளே சொல்லி, கூடுதல் நேரத்துக்கான பணத்தை அன்றைக்கே கையில் கொடுத்துவிட்டால் முகம் சுளிக்க மாட்டார்.

முதல் நாள் வேலையை எதிர்பார்க்காதீர்கள். அவரோடு வீட்டை ஒரு சுற்று நடங்கள். குளியலறைக் கதவைப் பாதி மூடிப் பின்னால் இருக்கும் மூலையைக் காட்டுங்கள். அங்கேதான் முடி சேரும். குழாயின் அடிப்பக்கம், சுவரோடு ஒட்டுகிற இடத்தில் விரலை வைத்துக் காட்டுங்கள், சொரசொரவென்று உப்பு தட்டும். இங்கே போர் தண்ணீர் பெரும்பாலும் உப்புத் தண்ணீர் என்பதால் சோப்பு நுரைக்காது, காய்ந்ததும் வெள்ளைப் படலம் நிற்கும். அதைப் பார்த்து "சரியாத் துடைக்கலை" என்று சொல்வது அநியாயம். எலுமிச்சைச் சாறில் அல்லது வினிகரில் நனைத்த துணியைக் குழாயில் சுற்றி அரை மணி நேரம் விட்டுத் தேய்த்துக் கழுவினால் போகும்.

ஆனால் அந்தப் புளிப்பு தரையில் படக் கூடாது. மார்பிள் சுண்ணாம்புச் சத்துள்ள கல். எலுமிச்சை பட்டாலே மங்கிவிடும். மொசைக்கிலும் மார்பிள் சில்லுதான் இருக்கிறது. பழைய வீடுகளின் சிவப்புக் காவித் தரையையும் அமிலம் அரித்துவிடும். அதற்கு நன்றாகப் பிழிந்த துணியும் வெறும் தண்ணீரும் போதும். இதையெல்லாம் சொல்லாமல் ஒரு ஆசிட் பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டு, தரை போனதும் வேலைக்கு வந்தவரைத் திட்டுவது எந்த வகையிலும் சரியில்லை.

இன்னும் முக்கியமான ஒன்று. டாய்லெட் கழுவும் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அதோடு ப்ளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சின்னதாக இருக்கிற, கதவு சாத்திய குளியலறையில் அது நுரையீரலைப் பாதிக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். "ரெண்டையும் போட்டா நல்லா வெளுக்கும்" என்று யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதனால் இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். முடிந்தால் ஒன்றை மட்டும் வாங்குங்கள். தண்ணீர் பாட்டிலில் ஆசிட் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். கண்ணும் மூக்கும் எரிந்தால் அப்படியே போட்டுவிட்டு வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும் என்று அவரிடம் சொல்லி வையுங்கள். உங்கள் வீட்டுத் தரையைவிட அவருடைய மூச்சு பெரிது.

சாமான்கள் உங்கள் பொறுப்பு. வீட்டுக்குள் கூட்டப் பூந்துடைப்பம், வாசலுக்கு ஈர்க்குச் சீமாறு, குளியலறைக்குத் தனி பிரஷ், துடைக்கத் துணி இரண்டு, பக்கெட் இரண்டு. ஒரு பக்கெட்டில் ஐந்து லிட்டர் தண்ணீரும் ஒரு மூடி தரை கழுவும் திரவமும், மற்றதில் துணியை அலச வெறும் தண்ணீர். இரண்டு அறைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். திரவத்தை அளவுக்கு மேல் ஊற்றினால் தரை பிசுபிசுக்கும், அந்தப் பிசுக்கில் தூசி ஒட்டும், மறுநாள் இன்னும் அழுக்காகத் தெரியும். ரப்பர் கையுறை அவர் கைக்குப் பொருந்துகிற அளவில் ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள். பெரிய கையுறைக்குள் தண்ணீர் போனால் கழற்றிப் போட்டுவிடுவார், பிறகு விரல் வெடித்துக் கிடக்கும்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டிய ஊர் இது. பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து காற்று அதன் வழியாகத்தான் பாய்கிறது. மார்கழி, தையில் கிழக்கிலிருந்து. காற்று வருகிற பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, அந்தப் பக்கத்து அறையிலிருந்து கூட்ட ஆரம்பிக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு "கூட்டின இடத்துலயே மண்ணு" என்று குறை சொன்னால் அவர் என்ன செய்வார்?

மொழி. இங்கே தமிழ் வீட்டுக்கு மலையாளம் பேசுகிறவர் வருவதும், மலையாள வீட்டுக்குத் தமிழ் பேசுகிறவர் போவதும் சகஜம். புரிந்தது போலவே இருக்கும், ஆனால் புரிந்திருக்காது. "பனியாணு" என்று போன் வந்தால் காய்ச்சல் என்று அர்த்தம், மூடுபனியால் தாமதம் என்று அல்ல. பணி என்பது வேலை. போனில் பனிக்கும் பணிக்கும் வித்தியாசம் கேட்காது. "நாளை அவதி" என்றால் நாளைக்கு லீவு, ஏதோ கஷ்டம் என்று பதறாதீர்கள். "குறச்சு" என்றால் கொஞ்சம். குறைக்கச் சொல்கிறார் என்று நினைத்துச் சம்பளப் பேச்சில் மனஸ்தாபம் வந்துவிடக் கூடாது. தேதி, கிழமை, தொகை மூன்றையும் திரும்பச் சொல்லி உறுதி செய்யுங்கள்: "புதன்கிழமை, பதினாலாம் தேதி, வர மாட்டீங்க, சரிங்களா?"

லீவுக்கு ஒரு காலண்டர் போதாது. இந்தப் பக்கம் பொங்கல், தீபாவளி, ஊர் மாரியம்மன் நோம்பி. அந்தப் பக்கம் ஓணம், விஷு, சித்தூர்க் காவில் கொங்கன்படை. மாதம் நாலு நாள் சம்பளத்தோடு லீவு, வருடத்துக்கு ஆறு பண்டிகை நாள் அவர் தேர்வு என்று வைத்துக்கொண்டால் சண்டை வராது. ஆறையும் அவரே காலண்டரில் வட்டம் போடட்டும். போனஸ் ஓணத்துக்கா தீபாவளிக்கா என்பதையும் அன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாதச் சம்பளம் கொடுக்கிற வீடும் உண்டு, பாதி கொடுக்கிற வீடும் உண்டு. எவ்வளவு என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர் அதை நம்பிச் சீட்டுப் போடலாம்.

சம்பளம் ஐந்தாம் தேதிக்குள். வெளியூர் போனாலும் அனுப்பிவிட்டுப் போங்கள். நீங்கள் ஊரில் இல்லாத பத்து நாளுக்குச் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். அந்த நேரத்தை அவர் உங்களுக்காகத்தான் காலியாக வைத்திருக்கிறார். அட்வான்ஸ் கேட்டால் கொடுக்கலாம், ஆனால் ஒரு நோட்டில் இரண்டு பேரும் எழுதிக்கொள்ளுங்கள். 6,000 ரூபாய் என்றால் மாதம் 500 வீதம் 12 மாதம். சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் பிடித்தால் அவர் வேறு வீட்டில் அட்வான்ஸ் வாங்கி உங்கள் கடனை அடைத்துவிட்டுப் போய்விடுவார்.

தனி டம்ளர், பின்வாசல் வழி, வெளியே உட்கார வைத்துச் சாப்பாடு: இந்த வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அது சாதிக் கொடுமை, வேறு பெயர் கிடையாது. அதை நிறுத்தாமல் "ஆள் விசுவாசமா இல்லை" என்று பேச யாருக்கும் உரிமை இல்லை. அதே போல் கழிப்பறை. காலை ஐந்து மணிக்குக் கிளம்பி மூன்று வீடு ஏறி இறங்குகிறவர், தான் கழுவுகிற கழிப்பறையையே பயன்படுத்தக் கூடாது என்றால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல்தான் இருப்பார். முதல் நாளே கதவைக் காட்டி "இதைப் பயன்படுத்திக்கோங்க அக்கா" என்று சொல்லுங்கள். அவராகக் கேட்கவே மாட்டார். நகை, பணம் பீரோவில் பூட்டி இருக்கட்டும். காணாமல் போனால் முதலில் சந்தேகம் விழுவது அவர் மேல்தான் என்பதால், பூட்டி வைப்பது அவருக்கும் பாதுகாப்பு.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் குற்றம். அம்மாவுக்குத் துணையாக வருகிற பெண்ணிடமும் வேலை சொல்லக் கூடாது. வேலையிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டத்தில் வீடும் வேலையிடம்தான். புகாரை மாவட்ட உள்ளூர்க் குழுவில் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007-இல் அமைந்தது. 16 முதல் 59 வயது வரை உள்ளவர்கள், அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் இலவசமாகப் பதியலாம், 12 இலக்க எண் கிடைக்கும். ஆதாரோடு இணைந்த போன் வேண்டும். ஒரு மத்தியானம் உட்கார்ந்து பதிந்து கொடுங்கள்.

எப்படி வைத்திருந்தாலும் ஒரு நாள் அவர் நிற்கத்தான் செய்வார். மகளுக்குப் பிரசவம் இருக்கும், முட்டி வலி இருக்கும். இரண்டு பக்கமும் பதினைந்து நாள் முன்னால் சொல்வது என்று ஆரம்பத்திலேயே பேசியிருந்தால், தன் இடத்துக்கு அவரே ஒருவரைக் கூட்டி வருவார். புதியவர் அவரோடு இரண்டு நாள் சேர்ந்து வேலை பார்க்கட்டும். கதவுக்குப் பின்னால் இருக்கிற மூலையை அவர் காட்டிக் கொடுப்பது போல் நீங்கள் காட்ட முடியாது. அந்த இரண்டு நாளுக்கும் இருவருக்கும் சம்பளம் கொடுத்துவிட்டு, அட்வான்ஸ் நோட்டில் கணக்கை முடித்துக் கோடு போட்டுவிடுங்கள்.