ஏற்காட்டு பேஸ்: ஆடிக் கச்சேரி வரை

ஜூன் 8, 2025

ஏற்காட்டிலிருந்து இறக்கிக்கொண்டு வந்த பேஸ் கிட்டாரைக் கூடத்தில் பாய் விரித்துப் பிரித்து வைத்திருக்கிறேன். ஃபெண்டர் கம்பெனியின் ஜாஸ் பேஸ் மாடலைப் பார்த்து எழுபதுகளில் ஜப்பானில் செய்த காப்பி. தலைப்பகுதியில் கம்பெனிப் பெயரைச் சுரண்டிய தடம் மட்டும் இருக்கிறது. கழுத்தைப் பொருத்தும் நெக் பிளேட்டில் 'மேட் இன் ஜப்பான்' என்ற பொறிப்பு. கொடுத்த பெரியவர் எண்பதுகளில் சர்ச்சிலும் கிளப்பிலும் வாசித்தவர். காப்பி எஸ்டேட் ஓரத்து வீட்டில், அலமாரி மேலே பெட்டியோடு கிடந்தது.

அளவெல்லாம் ஒழுங்கு. ஸ்ட்ரிங்கை இரு முனையிலும் தாங்கும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 34 இஞ்ச். 1951-ல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸுக்கு வைத்த நீளம் இதுதான்; 1960-ல் வந்த ஜாஸ் பேஸும் அதையே வைத்துக்கொண்டது. நட் அகலம் 38 மில்லிமீட்டர். பிரிசிஷனைவிட ஒல்லியான கழுத்து, என் கைக்குச் சரியாக உட்காருகிறது.

பெட்டியின் உள்துணி முழுக்கப் பூஞ்சை. ஸ்ட்ரிங் நாலும் துரு. ஆம்பில் (ஆம்ப்ளிஃபயர்) செருகிப் பார்த்தால், ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் இரண்டில் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் மட்டும் பேசுகிறது. நெக், அதாவது கழுத்துப் பக்கத்தில் இருப்பது மவுனம். மல்டிமீட்டரில் ஓப்பன் காட்டுகிறது, அதாவது உள்ளே எங்கேயோ காயில் அறுந்திருக்கிறது.

ஜூன் 11

கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் கம்பியான ட்ரஸ் ராடை இன்னும் தொடவில்லை. வாங்கிய அன்றே ட்ரஸ் ராடைத் திருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் அங்கே காயப்போட்ட துணியே காயாது. மரம் அந்த ஈரத்தையெல்லாம் குடித்து உப்பியிருக்கும். அதை இருபது கொண்டை ஊசி வளைவு இறக்கி சேலத்து வெயிலுக்குக் கொண்டுவந்தால், மரம் ஈரத்தை விட்டுச் சுருங்கும், கழுத்தின் வளைவு நாளுக்கு நாள் மாறும். அது ஒரு நிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். பழைய ஸ்ட்ரிங்கைக் கழற்றிவிட்டு, அதே இழுவை இருக்கிற மாதிரி வேறு ஒரு செட் போட்டுச் சுவரோரம் நிறுத்திவிட்டேன்.

ஜூன் 22

கழுத்தின் ஓரமாக விரலை ஓட்டினால், குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ப்ரெட்டின் முனைகள் இப்போது கீறுகின்றன. மரம் சுருங்கிவிட்டது, உலோகம் சுருங்காது, அதனால் முனை வெளியே வருகிறது. இதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். சின்ன அரத்தால் 45 டிகிரியில் ஒவ்வொன்றாகத் தேய்த்து, உப்புத்தாளால் மழுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போனது.

தெருமுனை பைக் மெக்கானிக்கிடம் டேப்பெட் செட் பண்ணுகிற ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இரவல் வாங்கிக் கழுத்தை அளந்தேன். முதல் ப்ரெட்டையும் கடைசி ப்ரெட்டையும் அழுத்திப் பிடித்தால் ஸ்ட்ரிங்கே நேர்கோடாகிவிடும். ஏழு, எட்டாவது ப்ரெட் பக்கம் அதற்கும் ப்ரெட்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று பார்த்தால் போதும். 0.7 மில்லிமீட்டர் இருந்தது. ட்ரஸ் ராடைக் கால் திருப்பு, ஒரு நாள் விட்டு இன்னொரு கால் திருப்பு என்று போய் 0.35-ல் நிறுத்தப் போகிறேன். அதற்கும் நேராக்கினால் நான் அடிக்கிற அடிக்கு ஸ்ட்ரிங் ப்ரெட்டில் பட்டுக் கரகரக்கும்.

ஜூன் 25

ஆர்கெஸ்ட்ரா மாஸ்டர் போன் பண்ணினார்.

"தம்பி, தப்பா நெனச்சுக்காத. இந்த ஆடிக்கு பேஸைக் கீபோர்டுலயே போட்டுக்கலாமான்னு பாக்கறேன். ஒரு ஆள் சம்பளம், வண்டில ஒரு எடம், ஒரு ஆம்ப். கமிட்டிக்காரங்க பேரம் பேசிப் பேசி ஒண்ணுமில்லாம ஆக்கிட்டாங்க."

அவரைக் குறை சொல்ல முடியாது. ஆடியில் சேலம் முழுக்க மாரியம்மன் கோவில் தெருக்களில் கச்சேரிதான், ஆனால் ஒவ்வொரு கமிட்டியும் போன வருஷத் தொகையையே சொல்கிறது. நிறையக் குழுக்களில் கீபோர்டுக்காரரின் இடது கைதான் இப்போது பேஸ்.

"மாஸ்டர், ஒரு ரிகர்சல் ரெண்டு விதமாவும் வாசிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றேன். சரி என்றார்.

போனை வைத்த பிறகும் இதே நினைப்பு. எந்த ஸ்வரம் என்பதைக் கீபோர்டும் சரியாகச் சொல்லிவிடும். அந்த ஸ்வரம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில்தான் பேஸ் வாசிப்பே இருக்கிறது. தபேலாவின் அடிக்கு முன்னால் விரலைத் தூக்கினால் பாட்டு குதிக்கும், ஒரு நூல் தாமதமாகத் தூக்கினால் சாயும். இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸைக் கேட்டால் இது புரியும். பாடுகிறவர் மூச்சு விடும் இடத்தில் பேஸ் தனியாக ஒரு வரி பாடிவிட்டு, பல்லவி வருவதற்குள் நகர்ந்து வழி விட்டுவிடும். அந்த வழி விடுவதை வாசிக்க, ஸ்ட்ரிங்கின் மேலே ஒரு கை இருந்தாக வேண்டும்.

ஜூலை 2

நெக் பிக்கப்பை எடுத்துக்கொண்டு காயில் கடைக்குப் போனேன். தண்ணி மோட்டார், மிக்சி, ஃபேன் எல்லாம் கட்டுகிற கடை. பிக்கப்பைக் கையில் வாங்கி அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு கரண்டு எங்கிருந்துப்பா வருது?"

"கரண்டே கெடையாதுண்ணா. இந்தக் குச்சியெல்லாம் காந்தம். மேல ஸ்ட்ரிங் இரும்பு. அது ஆடுனா காயில்ல கரண்டு உண்டாவுது."

"அப்ப டைனமோன்னு சொல்லு" என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்த விதியை அவர் தினமும் கையால் கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஒயர்தான் சிக்கல். இந்தப் பிக்கப்புகளில் சுற்றுவது அமெரிக்கக் கணக்கில் 42 கேஜ், 0.0635 மில்லிமீட்டர். நம் ஊர்க் காயில் கடைக்காரர்கள் சொல்கிற கேஜ் கணக்கு வேறு. அதில் கிட்டத்தட்டச் சரியாக வருவது 46, அதாவது 0.061. அண்ணன் கடையில் இருப்பதெல்லாம் ஃபேன் காயிலுக்கான கனத்தோடு முடிகிறது. கோயமுத்தூரில் சொல்லி ஒரு ரீல் வரவழைப்பதாகச் சொன்னார்.

பழைய காயிலைப் பிரிப்பதற்கு முன் முக்கியமான வேலை ஒன்று உண்டு. இரண்டு பிக்கப்பின் காந்தத்தின் மேலும் திசைகாட்டியைக் காட்டினேன். ஒன்றின் மேல்முகம் வடக்கு, இன்னொன்று தெற்கு. அடுத்து, ஒயர் எந்தப் பக்கமாகச் சுற்றியிருக்கிறது என்று கண்ணாடி வைத்துப் பார்த்து, ஒயர் சுற்றும் சட்டமான பாபினில் அம்புக்குறி போட்டேன். ஜாஸ் பேஸில் இரண்டு காயிலும் எதிரெதிர் திசையில் சுற்றியிருக்கும், காந்தமும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் காந்தத்தைப் பார்ப்பதில்லை, சுற்றைத்தான் பார்க்கும்; அதனால் இரண்டிலும் தலைகீழாக விழுந்து ஒன்றையொன்று அழித்துவிடும். ஸ்ட்ரிங்கின் ஓசைக்குச் சுற்றும் தலைகீழ், காந்தமும் தலைகீழ் என்பதால் இரண்டும் சேர்ந்து கூடும். திசை மாறிச் சுற்றிவிட்டால் எல்லாமே கெட்டுப்போகும்.

ஜூலை 6

இன்று சுற்றினோம். கடைக்கு விடுமுறை, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஃபேனையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம். ஃபேன் காற்றில் இந்த ஒயர் நிற்காது. தலைமுடி மாதிரிதான் இருக்கிறது, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மட்டும் செம்பு நிறம் தெரிகிறது.

சுற்றும் மெஷினில் ஃபேன் ஒயருக்காக வைத்த டென்ஷன் ஸ்பிரிங் இருந்தது. அறுநூறு சுற்றுக்குள் ஒயர் பட்டென்று அறுந்தது. அண்ணன் ஒன்றும் பேசாமல் ஸ்பிரிங்கையே கழற்றி எறிந்துவிட்டு, துண்டுக் கம்பளித் துணியை மடித்து, அதற்குள் ஒயரைவிட்டுக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டார். நான் கைப்பிடியைச் சுற்றினேன். அவர் கை இடமும் வலமுமாகப் போய்வந்தது, பார்வை பாபினைவிட்டு நகரவில்லை. ஒரு முறை நான் வேகத்தைக் கூட்டியதும் "மெல்ல, அது கேக்குது" என்றார். இழுவை கூடுவது அவர் விரலுக்குத் தெரிகிறது.

எட்டாயிரம் சுற்றுக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். மீட்டரில் 7.9 கிலோ ஓம். பிரிட்ஜ் பிக்கப் 7.7. இதைவிட நெருக்கமாக ஜோடி சேராது. அந்தச் சின்னப் பாபினில் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான ஒயர் இருக்கிறது.

முனையை ஈயம் வைக்கும்போது உப்புத்தாள் போட்டால் அறுந்துவிடும். ஒயரின் மேல் இருக்கும் எனாமல் பூச்சு ஈயத்தின் சூட்டிலேயே உருகிவிடுகிற வகை. சால்டரிங் அயர்னை ஒரு விநாடி கூடுதலாக வைத்தேன், ஈயம் பிடித்துக்கொண்டது.

மோட்டாருக்குப் போடுகிற வார்னிஷைப் போடலாம் என்றார் அண்ணன். வேண்டாம் என்று மெழுகைக் கேட்டேன். வார்னிஷ் இறுகிவிட்டால் நாளை யாருக்காவது பிரிக்க வேண்டி வந்தால் காயில் துண்டு துண்டாகத்தான் வரும். மெழுகை மறுபடி சூடாக்கினால் விட்டுவிடும். பாரஃபினோடு கொஞ்சம் தேன்மெழுகு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம், 60 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. பிக்கப்பை முக்கியதும் குமிழ் வரத் தொடங்கியது. அது நிற்கும்வரை வைத்திருந்தோம். உள்ளே காற்று இருந்தால் ஒயர் அதிரும், ஆம்பைக் கூட்டினால் பிக்கப் கீச்சிடும்.

கடைசியாக முள் மீட்டரை மாட்டி, ஸ்க்ரூடிரைவரால் காந்தத்தைத் தொட்டேன். இரண்டு பிக்கப்பிலும் முள் ஒரே பக்கம் துள்ளியது. அண்ணன் சிரித்துவிட்டார்.

ஜூலை 9

வால்யூமும் டோனும் திருகுகிற பழைய பாட் மூன்றும் துரு. 250 கிலோ ஓமில் புதிதாக மூன்று, 473 என்று போட்ட பாலியஸ்டர் கப்பாசிட்டர் ஒன்று. டோனுக்கு அந்த 0.047 மைக்ரோஃபாரட் போதும். செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பனிடம் மெல்லிய செப்புத் தகடு வெட்டி வாங்கி, இரைச்சல் புகாமல் இருக்க பேஸின் உள்பள்ளம் முழுக்க ஒட்டி எர்த் பண்ணினேன். கத்தரி பிடிக்கிற அவன் கை நேர்த்தி உதவியது.

ஜூலை 13

பெரியவருக்குக் காட்ட மேலே போனேன். மீட்டரும் பையில் இருந்தது. சேலத்து மதியத்தில் 7.9 காட்டிய காயில், அங்கே மழைக்குளிரில் 7.46. செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் மாறும். 15 டிகிரி குறைந்தால் இந்தக் கணக்குத்தான் வரும். பிக்கப் விற்பவர்கள் ஓம் கணக்கைப் பெருமையாகச் சொல்லும்போது எந்த வெயிலில் அளந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

பெரியவர் நாலு ஸ்வரம்தான் வாசித்தார். ஒவ்வொன்றையும் முடிக்க இடது கை விரலை முழுசாக எடுக்காமல், ஸ்ட்ரிங்கின் மேலேயே லேசாக விட்டார். ஓசை வெட்டுப்படாமல் மூடிக்கொண்டது. "ஃப்ளாட்வவுண்ட் போடுங்க, இது கூசுது" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். டெட்ராய்டின் மோடவுன் ரெக்கார்டு கம்பெனியில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1962 பிரிசிஷன் பேஸில் ஃப்ளாட்வவுண்ட் போட்டு, வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே எத்தனையோ ரெக்கார்டுகள் வாசித்தார். மேலே பட்டையாகச் சுற்றிய ஸ்ட்ரிங்கில் விரல் சறுக்கும் சத்தம் வராது, ஓசையின் முடிவும் உருண்டையாக இருக்கும். மெல்லிசைக்கு எனக்கு அதுதான் பிடிக்கிறது. கட்டைவிரலால் ஸ்ட்ரிங்கைத் தட்டி ஸ்லாப் அடிக்கிறவர்களுக்குப் பிடிக்காது, அவர்கள் வழி வேறு.

ஜூலை 20

ரிகர்சல். அறையில் டியூப்லைட், பழைய ஸ்டெபிலைசர், இரைச்சலுக்குப் பஞ்சமில்லை. நம் ஊர்க் கரண்டு 50 ஹெர்ட்ஸ். பேஸின் ஈ ஸ்ட்ரிங்கில் மூன்றாவது ப்ரெட்டில் வரும் ஜி 49 ஹெர்ட்ஸ். அந்த ஸ்வரத்தைப் பிடித்தால் ஹம் என்கிற கரண்டு இரைச்சலும் அதுவும் உரசி அலை அலையாக ஆடும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் இந்தத் தொல்லை வேறு இடத்தில் விழும். அதனால் ஒற்றைக் காயில் (சிங்கிள் காயில்) பிக்கப் உள்ள பேஸ் வைத்திருப்பவர்கள் இங்கே இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இரண்டு வால்யூமையும் முழுசாகத் திறந்தேன், ஹம் போய்விட்டது. ஒன்றைக் குறைத்தால் திரும்ப வருகிறது. அண்ணனின் எட்டாயிரம் சுற்று சரியான திசையில் நிற்கிறது.

முதலில் கீபோர்டு பேஸோடு ஒரு பாட்டு. அப்புறம் நான். இரண்டாவது சரணத்தில் தபேலாக்காரர் தானாகவே என் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். மாஸ்டர் பாட்டு முடிந்ததும் கீபோர்டுக்காரரிடம், "நீ ரெண்டு கையாலும் ஸ்ட்ரிங்ஸ் போடு, பேஸை அவன் பாத்துக்குவான்" என்றார். கீபோர்டுக்காரருக்குத்தான் அதிக சந்தோஷம், இடது கை விடுதலை ஆயிற்றே.

ஆகஸ்ட் 7

நேற்றுக் கச்சேரி முடிந்து வீடு வர மூன்று மணி. குகைப் பக்கம் வண்டி வேடிக்கைக்காக (அலங்கார வண்டிகளின் ஊர்வலம்) பாதை அடைத்திருந்ததால் சுற்றி வந்தோம்.

மேடை ஏறியதும் நான் முதலில் பார்ப்பது டியூனிங் இல்லை, டெஸ்டர். பேஸின் ஸ்ட்ரிங் எல்லாம் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கும். ஆம்புக்கு ஒரு லைன், மைக் செட்டுக்கு வேறு லைன் என்று இழுத்து, ஒன்றில் எர்த் இல்லாவிட்டால், ஸ்ட்ரிங்கைப் பிடித்துக்கொண்டு கோரஸ் பாட மைக்கில் உதடு வைத்ததும் ஷாக் அடிக்கும். நேற்றும் மைக் ஸ்டாண்டுக்கும் ஸ்ட்ரிங்குக்கும் நடுவே மீட்டர் வைத்தேன், 70 வோல்ட் காட்டியது. ஒரே போர்டிலிருந்து எர்த்தோடு லைன் எடுத்து, கரண்டு கசிந்தால் லைனை வெட்டிவிடும் 30 மில்லி ஆம்பியர் டிரிப்பர் போட்ட பிறகே பேஸைத் தோளில் மாட்டினேன். இளம் பையன்கள் எல்லாரும் இதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு மீட்டர் ஒரு செட் ஸ்ட்ரிங்கைவிட மலிவு.

வாசிப்பு நன்றாக அமைந்தது. கழுத்து அசையவில்லை, நடுவில் ஒருமுறைகூட டியூன் பண்ண வேண்டியிருக்கவில்லை. கும்மிப் பாட்டு ஒன்றில் பெண்கள் நாற்காலியை ஒதுக்கிவிட்டு வட்டம் கட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவே ஸ்வரத்தைக் குறுக்கி, இடைவெளியை அகலமாக விட்டு வாசித்தேன்.

ஆகஸ்ட் 10

அம்மாபேட்டையிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தான், கச்சேரியில் பார்த்தானாம். அவன் பேஸில் பிரிட்ஜ் பிக்கப் செத்துவிட்டது, புதிதாக வாங்கக் காசு இல்லை. காயில் அண்ணனிடம் பேசினேன். "கொண்டாரச் சொல்லு, ஒயர் மிச்சம் இருக்குது" என்றார். கூலி ஃபேன் காயில் கணக்குத்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். வியாழக்கிழமை கடை சாத்தும் நேரத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது என்று பார்க்காமல் அதற்குள் பழைய காயிலைப் பிரித்துவிடாதே என்று அவனிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன்.